பஞ்சு, ஒயரை விடு!

முயல் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? காலண்டரில் ரோஜாப்பூ பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் வெள்ளை உருண்டை. இல்லாவிட்டால் ஆமையிடம் தோற்றுப்போன அந்தத் தூங்குமூஞ்சி. சாது, பயந்த சுபாவம், குரைக்காது, காரட் போட்டால் போதும்... வாடகை வீட்டில் வளர்க்க இதைவிட உத்தமமான பிராணி உண்டா என்று உங்கள் ஆபீசிலேயே யாராவது சொல்லியிருப்பார். அவர் வீட்டில் முயல் இல்லை என்று ஸ்டாம்ப் பேப்பரில் எழுதித்தர நான் தயார்.

என் வீட்டில் இருக்கிறது. பெயர் பஞ்சு. எடை ஒன்றே முக்கால் கிலோ. இந்த ஒன்றே முக்கால் கிலோ இரண்டு வருஷத்தில் பதம் பார்த்தவற்றின் பட்டியல்: போன் சார்ஜர் ஐந்து (அதில் ஒன்று ஆபீஸ் சொத்து). ப்ராட்பேண்ட் ஒயர் இரண்டு முறை, இரண்டுமே என் மனைவி வீட்டிலிருந்து மீட்டிங்கில் பேசிக்கொண்டிருக்கும்போது. டேபிள் ஃபேன் ஒயர். கட்டிலின் தென்கிழக்குக் கால். ஹால் கதவின் கீழ்மூலை. சுவரில் உள்ளங்கை அகலத்துக்குச் சுண்ணாம்பு. கல்யாணத்துக்கு வந்த பத்தமடைப் பாயில் ஒரு ஓரம். கடைசியாக, வாடகை அக்ரிமெண்ட்டின் இரண்டாம் பக்கம். அதிலும் எந்த இடம் என்று கேளுங்கள். 'கட்டடத்துக்குச் சேதம் ஏற்படும் பட்சத்தில் அட்வான்ஸ் தொகையில் கழித்துக்கொள்ளப்படும்' என்கிற ஷரத்தை மட்டும் நறுவிசாகக் கத்தரித்து எடுத்திருந்தது. வக்கீலுக்குப் படித்திருந்தால் எங்கேயோ போயிருக்கும்.

இது எங்களுடைய முயலே இல்லை, ஸார். என் மச்சினனுடையது. எஞ்சினீயரிங் மூன்றாம் வருஷத்தில் ஹாஸ்டலில் யாருக்கும் தெரியாமல் வளர்த்தான். வார்டனுக்குத் தெரிந்ததும் ஒரு அட்டைப் பெட்டியோடு வந்து நின்றான். "ரெண்டே நாள் மாமா. வேற எடம் பாத்துட்டு எடுத்துக்கறேன்" என்றான். அந்த இரண்டு நாளில் எழுநூற்றுச் சொச்சம் நாள் முடிந்துவிட்டது.

பெயரில்தான் முதல் சிக்கல் வந்தது. நாங்கள் இருப்பது நங்கநல்லூரில் மாடிப் போர்ஷன். கீழே ஹவுஸ் ஓனர். ரிடையர் ஆனவர், கறாரானவர், ஒன்றாம் தேதி வாடகை வாங்க மாடிக்கு வரும்போது சுவரை விரலால் தட்டிப் பார்ப்பவர். அவருடைய அம்மாவுக்குத் தொண்ணூறு வயது. அந்தப் பாட்டி அவரைக் கூப்பிடுவது எப்படி என்பது முயலுக்குப் பெயர் வைத்து ஒரு வாரம் கழித்துத்தான் எங்கள் காதில் விழுந்தது. "டேய் பஞ்சு, காபி ஆறிப் போறதுடா!"

அதற்குள் முயல் அந்தப் பெயருக்குப் பழகிவிட்டது. மாடியிலிருந்து என் மனைவி, "டேய் பஞ்சு, மரியாதையா வெளியில வா! அதக் கடிச்சே, காதைத் திருகிடுவேன்!" என்று ஒரு நாளைக்குப் பத்துத் தரம் குரல் கொடுப்பாள். கீழே ஈஸி சேரில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் மனிதரின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

முயலின் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஏன் கடிக்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகு கோபப்பட முடியாது.

வீட்டில் வளர்க்கிற முயல் நம்மூர்க் காட்டு முயலே அல்ல. காட்டு முயல் புல்வெளியில், புதரடியில் படுக்கும், வளை தோண்டாது. (அதை வேட்டையாடுவது 1972-ஆம் வருஷத்து வன உயிரினச் சட்டப்படி குற்றம். "முயல் வெச்சிருந்தா உள்ள தள்ளிடுவாளாமே சார்!" என்று ஹவுஸ் ஓனர் ஒருநாள் மிரட்டியது அந்த முயலை மனதில் வைத்துத்தான்.) பஞ்சுவின் மூதாதையர்கள் ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கத்து ஆசாமிகள். பூமிக்கடியில் சந்து சந்தாக வளை தோண்டிக் கூட்டுக்குடித்தனம் நடத்துகிற பரம்பரை. வளைக்குள்ளே தலைக்கு மேலும் பக்கவாட்டிலும் செடிவேர்கள் குறுக்கே நீட்டிக்கொண்டிருக்கும். போகிற வழியில் வேர் தட்டுப்பட்டால் 'டக்'கென்று ஒரு வெட்டு. வழி சுத்தம். இது அதன் ரத்தத்தில் ஊறிய காரியம்.

இப்போது உங்கள் ஹாலில் டி.வி. ஸ்டாண்டுக்குப் பின்னால் கொஞ்சம் குனிந்து பாருங்கள். இருட்டு. சந்து. குறுக்கும் நெடுக்குமாகக் கறுப்பாக, விரல் கனத்தில், வளைந்து வளைந்து... ஒயர் என்று நமக்குத்தான் தெரியும். போதாக்குறைக்கு முயலுக்குப் பின்னால் வருவதுகூடத் தெரியும், நேர் மூக்குக்கு முன்னால் இருப்பது தெரியாது. கண்கள் பக்கவாட்டில் அமைந்திருப்பதன் பலன். எதிரே இருப்பது என்ன என்பதை மீசையாலும் உதட்டாலும்தான் விசாரிக்கும். அந்த விசாரணையின் முடிவில் பல் வந்துவிடுகிறது.

பல் என்றதும் ஹவுஸ் ஓனரின் இன்னொரு வாதம் ஞாபகம் வருகிறது. "என்ன இருந்தாலும் எலி ஜாதிதானே சார்?" இல்லை. எலிக்கு மேல்வரிசை முன்பல் இரண்டு. முயலுக்கு நாலு, முன்னே தெரியும் இரண்டுக்குப் பின்னால் ஒளிந்தாற்போல் இன்னும் இரண்டு குட்டிப் பற்கள். அதனால்தான் 1912-ல் கிட்லி என்கிற விஞ்ஞானி, முயலை எலிக் கூட்டத்திலிருந்து பிரித்துத் தனி வரிசையில் வைக்க வேண்டும் என்று வாதாடினார். பிற்பாடு உலகமே அதை ஒப்புக்கொண்டது. எங்கள் ஹவுஸ் ஓனர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

அந்த முன்பற்கள் வாரத்துக்கு இரண்டு முதல் மூன்று மில்லிமீட்டர் வளர்கின்றன. வருஷத்துக்குப் பத்து சென்டிமீட்டருக்கு மேல்! ஆயுசுபூராவும் நிற்காது. தேய்ந்துகொண்டே இருந்தால்தான் பிழைக்கும். "அப்போ ஒரு கட்டையைப் போடு, கடிச்சுத் தேச்சுக்கட்டும்" என்பார்கள். பாதிதான் சரி. பல்லைத் தேய்ப்பது கட்டையைவிடப் புல்தான். வாய் நிறையப் புல்லை வைத்துக்கொண்டு வெற்றிலை மெல்லுகிற மாதிரி பக்கவாட்டில் மணிக்கணக்காக அரைக்கும்போதுதான் முன்பல், கடைவாய்ப்பல் எல்லாம் சீராகத் தேயும். புல் குறைந்த வீட்டில் முயலுக்கு வாய் சும்மா இருக்கும். சும்மா இருக்கும் வாய் என்ன செய்யும் என்று ஆபீசில் வேலை பார்க்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சார்ஜரும் பாயும் போனவரை சமாளித்துக்கொண்டிருந்தோம். போன ஜூன் மாதத்தில் ஒரு ராத்திரி பதினொன்று மணிக்கு அடுக்களையில் 'டப்' என்று ஒரு சத்தம். ஃப்ரிட்ஜின் உறுமல் நின்றுபோனது. போர்டில் ட்ரிப் ஸ்விட்ச் விழுந்து கிடந்தது. சுவருக்கும் ஃப்ரிட்ஜுக்கும் நடுவே இருப்பது நாலு விரல் இடைவெளி. தலை நுழைந்தால் முயலுக்கு உடம்பும் நுழைந்துவிடும்.

பஞ்சு தானாகவே வெளியே வந்தான். வந்து மூலையில் முதுகைக் கூன் போட்டு உட்கார்ந்தான். கீழுதட்டில் பழுப்பாக ஒரு தீக்காயம், லேசாகக் கருகின முடி வாசனை. முயல் வலி வந்தால் கத்தாது. பல்லை நறநறவென்று கடிக்கும். அந்தச் சத்தம் ராத்திரி நேரத்தில் ஒரு முழ தூரத்துக்குக் கேட்கிறது. கொத்தமல்லித் தண்டை நீட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டான். கொத்தமல்லிக்கு முகம் திருப்பும் முயலை நான் அதுவரை பார்த்ததில்லை.

விஷயம் தெரிந்தவர்களுக்கு இதன் அர்த்தம் புரியும். முயலின் குடல் ஓயாமல் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். அரை நாள் சாப்பிடாமல் இருந்தால் குடல் நின்றுபோகும். நின்றால் ஆளே போய்விடும். விடிந்ததும் பிரம்புக் கூடையில் வைத்து, என் மனைவி மடியில் அணைத்துக்கொள்ள, ஸ்கூட்டரில் வேப்பேரி போனோம். 1903-ல் ஆரம்பித்த கால்நடை மருத்துவக் கல்லூரி. வரிசையில் எங்களுக்கு முன்னால் ஓர் ஆடு. பின்னால் ஒரு ராஜபாளையம். வேட்டைக்கென்றே பிறந்த நாய்க்கு மூன்றடி முன்னால் முயல்! நாய் தும்மிக்கொண்டிருந்தது, தன் ஜலதோஷமே அதற்குப் பெரிசு.

டாக்டர் வாயைத் திறந்து பார்த்தார். நாக்கு தப்பித்திருந்தது. நெஞ்சில் ஸ்டெத் வைத்து வெகு நேரம் கேட்டார். "ஷாக் அடிச்சா உடனே தெரியாது. நுரையீரல்ல நீர் கோத்துக்கறதுக்கு ஒரு நாள்கூட ஆகும். மூச்சு வாங்குதான்னு பாத்துக்கிட்டே இருங்க. சாப்பாடு நிக்கக் கூடாது. குழைச்சு ஊசியில்லாத சிரிஞ்ச்ல கொடுங்க" என்றார். வலி மருந்து எழுதிக்கொடுத்தார். லீவு போட்டேன். காரணம் என்ன என்று மேனேஜர் கேட்டபோது, "வீட்ல ஒருத்தருக்கு ஷாக் அடிச்சிடுச்சு சார்" என்றேன். பொய் கிடையாது.

அன்று பகலும் ராத்திரியும் இரண்டு மணிக்கொரு தரம் சிரிஞ்ச். என் மனைவி டவலில் சுற்றிப் பிடித்துக்கொள்வாள். நான் வாயோரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக விடுவேன். பாதி உள்ளே, பாதி என் சட்டையில். மூச்சை எண்ணினோம். மறுநாள் காலை ஐந்தேகாலுக்கு மூலையில் மிளகு சைஸில் நாலே நாலு புழுக்கை. என் மனைவி துள்ளிக் குதித்து, "என்னங்க! பஞ்சு போயிட்டான்!" என்று கத்தினாள்.

கீழே விளக்கு எரிந்தது.

மூன்று நிமிஷத்தில் ஹவுஸ் ஓனர் வாசலில். அவர் வந்தது நிலைமையை விசாரிக்கத்தான். ஆனால் உள்ளே நுழைந்தவர் கண்ணில் முதலில் பட்டது கதவின் கீழ்மூலை. அப்புறம் சுவர். அப்புறம் கருகின ப்ளக். விரலால் தட்டக்கூட இல்லை. "ஒரு மாசம் டைம் தரேன் சார். ஒண்ணு அது போகணும், இல்லேன்னா நீங்க போகணும். நெருப்புப் பிடிச்சிருந்தா என்ன ஆகும்? கீழ தொண்ணூறு வயசுல அம்மா இருக்கா" என்றார். அவர் சொன்னதில் தப்பு என்ன?

ஆனால் 'அது போகணும்' என்றால் எங்கே போகும்? மச்சினன் ஹாஸ்டல் கிடையாது. விளம்பரம் கொடுத்தால் வருகிற ஆட்களில் பாதிப் பேர் முதலில் கேட்பது, "எத்தனை கிலோ இருக்கும் சார்?" பஞ்சுவின் பெயரை யாருமே கேட்கவில்லை. அந்த ஒரு மாசத்தில் வீட்டை மாற்றியே ஆக வேண்டும் என்று முடிவு செய்தோம். வீடு மாற்றம் இல்லை, ஸார்... வீட்டை மாற்றுவது. முயலை மாற்ற முடியாது. பல்லாயிரம் வருஷத்துப் பழக்கத்தை நங்கநல்லூரில் நிறுத்திவிட முடியுமா?

ஆபீசில் யோசனைகளுக்குப் பஞ்சமே இல்லை (சிலேடை தற்செயல்). ஒருவர் மிளகாய்ப்பொடி தூவச் சொன்னார். அது முயலின் கண்ணிலும் மூக்கிலும் போனால் இன்னொரு வேப்பேரி. ஒருவர் வேப்பெண்ணெய். கட்டில் காலில் தடவிய அன்று என் பெரியப்பா பையன் வந்திருந்தான். முயல் முகர்ந்து பார்த்துவிட்டு வேறு காலுக்குப் போனது. பெரியப்பா பையன் ராத்திரி தங்காமல் திருச்சிக்கே போய்விட்டான். ஒருவர் நாலு அடி போடச் சொன்னார். முயலை அடித்தால் அது கடிப்பதை விடாது, நம்மிடம் வருவதை விட்டுவிடும். நாலைந்து பேர் கூண்டு என்றார்கள். சின்னக் கூண்டில் நாள்பூரா அடைத்தால் கம்பியைக் கடிக்கும், கம்பித் தரையில் உள்ளங்கால் புண்ணாகும்.

அடைப்பதற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு தேசமே பட்டபாடு தெரியுமா? 1859-ல் தாமஸ் ஆஸ்டின் என்கிற பண்ணைக்காரர், வேட்டையாடிப் பொழுதுபோக்க இங்கிலாந்திலிருந்து வந்த 24 முயல்களை விக்டோரியாவில் தன் எஸ்டேட்டில் வைத்தார். அரை நூற்றாண்டுக்குள் முயல்கள் கண்டத்தின் மறுகோடியை எட்டிப்பார்த்தன. மேற்கு ஆஸ்திரேலியாக்காரர்கள் 1901-ல் வேலி போட ஆரம்பித்து 1907-ல் முடித்தார்கள். மூன்று வேலிகள், மொத்தம் 3,200 கிலோமீட்டருக்கு மேல். முடிப்பதற்கு முன்னாலேயே முயல்கள் அந்தப் பக்கம் போய்விட்டன. எனக்கு இருந்தது 650 சதுர அடியும் ஒரு மாசமும்.

முதலில் ஒயர். எலெக்ட்ரீஷியனைக் கூட்டிவந்தேன். தரையிலிருந்து மூன்றடி உயரம் வரை சுவரில் தெரிகிற ஒயர் எல்லாம் பி.வி.சி. கேசிங்குக்குள் போனது. தொங்கும் ஒயர்களுக்கு அவரே ஒரு வழி சொன்னார். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் கெட்டி ஹோஸ் பைப்பை வாங்கி, நீளவாக்கில் பிளேடால் கீறி, ஒயரை உள்ளே அமுக்கி, அடிக்கு ஒரு க்ளிப் டை. பல் ஒயரை எட்டுவதற்குள் நாம் சத்தத்தைக் கேட்டு எழுந்துவிடலாம். ஃப்ரிட்ஜின் பக்கவாட்டுச் சந்தில் காற்றுப் போகிற மாதிரி கம்பி வலை அடித்து, ஃப்ரேம் போட்டு மூடினோம். சார்ஜருக்குச் சட்டம்: வேலை முடிந்தால் கழற்றி மேஜை மேல். இந்தச் சட்டத்தை நான் இன்றுவரை மீறியதில்லை. மீறிய மச்சினன் ஒருநாள் போன் இல்லாமல் ஊருக்குப் போனான்.

அப்புறம் ஆர்.சி.சி.பி. என்கிற பாதுகாப்பு ஸ்விட்ச். 30 மில்லி ஆம்பியர் கரண்ட் எங்கேயாவது கசிந்தாலே கண்ணிமைக்கும் நேரத்தில் லைனைத் துண்டித்துவிடும். "ஆனா சார், ரெண்டு கம்பியையும் ஒண்ணா சேத்துக் கடிச்சா இதுவும் காப்பாத்தாது. பல்லுக்கு ஒயரு எட்டக் கூடாது, அவ்ளோதான்" என்றார் எலெக்ட்ரீஷியன். உண்மையைச் சொல்லும் எலெக்ட்ரீஷியன் கிடைப்பது அபூர்வம். அவர் சொன்ன இன்னொரு உண்மைதான் கதையையே திருப்பிவிட்டது.

டெஸ்ட் லாம்ப்பை எடுத்தார். ஒரு முனையை ப்ளக் பாயிண்ட்டின் கரண்ட் ஓட்டையிலும், இன்னொன்றை மேலே இருக்கும் பெரிய எர்த் ஓட்டையிலும் வைத்தார். பல்பு எரிய வேண்டும். எரியவில்லை. அடுத்த பாயிண்ட். எரியவில்லை. "சார், இந்த வீட்ல எர்த்தே இல்ல."

ஹவுஸ் ஓனர் கீழிருந்து வந்தார். "எண்பத்தெட்டுல கட்டின வீடு சார், எல்லாம் ஐ.எஸ்.ஐ. மார்க்" என்றார். எலெக்ட்ரீஷியன் பதில் பேசாமல் கீழே போய், அவர் வீட்டு ஃப்ரிட்ஜின் உடம்பில் டெஸ்டரை வைத்தார். மினுக்கென்று எரிந்தது.

உள்ளறையிலிருந்து பாட்டி குரல்: "நான் ஆறு மாசமா அடிச்சுக்கறேன்... அந்தப் பொட்டியைத் தொட்டா சுருக்குனு கடிக்கிறதுடா பஞ்சுன்னு. ஒருத்தர் காதுலயாவது ஏறித்தா?"

ஹவுஸ் ஓனர் அதை நரம்புத் தளர்ச்சி என்று நினைத்து, ஆறு மாசமாக அம்மாவுக்கு மாத்திரை வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். மீட்டர் போர்டுக்குக் கீழே எர்த் குழிக்குப் போகிற கம்பி துருப்பிடித்து அறுந்து, எத்தனை வருஷமாகவோ அந்தரத்தில் நின்றுகொண்டிருந்தது. வீட்டில் கைவைக்கிற இடமெல்லாம் யாரோ ஒருவருக்காகக் காத்திருந்த மாதிரி. மறுநாளே உப்பும் கரியும் போட்டுப் புதுக் குழி எடுத்தார். கீழேயும் ஒரு ஆர்.சி.சி.பி. மாட்டினார். முயலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அந்த ஒரு மாசக் கெடுவையும் அதற்கப்புறம் அவர் வாயால் நான் கேட்கவில்லை.

மற்றதெல்லாம் கை வேலை. கதவின் கீழ்மூலையை ஆசாரி செதுக்கிப் புது மரம் ஒட்டி, விளிம்பில் அலுமினிய 'எல்' ஆங்கிள் அடித்தார். கட்டில் கால்களுக்குப் பி.வி.சி. பைப்பைக் கீறி பேண்ட் போட்டோம். கால் நாலும் யூனிஃபார்மில் நிற்கும் ப்யூன் மாதிரி இருக்கின்றன. கீழ்த் தட்டில் இருந்த புத்தகங்கள், ரசீதுகள் இரண்டு தட்டு மேலே ஏறின. மணிபிளாண்ட் தொட்டி வெளியேறியது, அது முயலுக்கு ஆகாது.

இதையெல்லாம் எடுத்தால் பதிலுக்குக் கொடுக்கவும் வேண்டும். பால்கனியை ஒட்டின மூலை பஞ்சுவின் ஜாகை. இரண்டரையடி உயரத்துக்கு மடக்குக் கம்பி வலை. உள்ளே கதவளவு இடம். ஒரு பெரிய அட்டைப்பெட்டி, இரண்டு பக்கமும் வாசல் வெட்டி, உள்ளே பழைய பேப்பரும் வைக்கோலும். அதுதான் வளை, இஷ்டப்படி தோண்டலாம். கவிழ்த்துச் சாய்த்த மண்பானை ஒன்று. மே மாதத்தில் மேலே ஈரச்சாக்கு போட்டால் ஏ.ஸி. மாதிரி. முயலுக்கு நம்மைப் போல் வியர்க்காது, காது வழியாகத்தான் சூட்டை வெளியே தள்ளும், சென்னை வெயில் அதற்கு எமன். கடிக்க மூங்கில் முறம், பனையோலைப் பெட்டி, கொய்யாக் குச்சி. பத்தமடைப் பாயில் ஏற்கெனவே ருசி பார்த்த ஓரத்தை வெட்டி அவனுக்கே கொடுத்துவிட்டாள் என் மனைவி.

நாங்கள் ஆபீசில் இருக்கும் நேரம் பஞ்சுவுக்கு அங்கேதான். அதில் கொடுமை ஒன்றும் இல்லை. முயல் விடிகாலையிலும் அந்தி நேரத்திலும்தான் சுறுசுறுப்பு. பத்திலிருந்து ஐந்துவரை தூங்கும். (ஆபீஸ் நேரத்தில் தூங்குவது பிராணிகளுக்கும் உள்ள பழக்கம்தான்.) சாயங்காலம் கதவைத் திறந்துவிட்டால் வீடு முழுக்க ஓட்டம், நடுவில் ஆகாயத்தில் ஒரு திருகுத் துள்ளல்.

புல்தான் தினப்படி வேலை. காய்ந்த புல் எந்நேரமும் முன்னால் இருக்க வேண்டும், சாப்பாட்டில் முக்கால் பங்குக்கு மேல் அதுதான். காரட் நமக்கு ஜாங்கிரி மாதிரி, எப்போதாவது ஒரு வில்லை. விவசாயத் துறைக்காரர்கள் 'முயல் மசால்' என்றே ஒரு தீவனச் செடியைச் சொல்வார்கள், கிடைக்கும்போது ஊரிலிருந்து வரும். பச்சைக்குக் கோயில் வாசலில் அருகம்புல் கட்டு. நங்கநல்லூரில் கோயிலுக்கா பஞ்சம்! பூக்காரம்மா ஒருநாள், "தினம் ரெண்டு கட்டா? பிள்ளையார் மேல அவ்ளோ பக்தியா தம்பி?" என்றார். "வீட்ல ஒரு பிள்ளையார் இருக்காரும்மா" என்றேன். அலசிவிட்டுத்தான் போடுவோம்.

டாக்டர் சொல்லி, 'அந்த' ஆபரேஷனும் செய்துவிட்டோம். அதற்கப்புறம் சோபாவை அவன் தன் எல்லை என்று அடையாளம் போட்டுக் காட்டுவது குறைந்துபோனது. முயல் எப்போதும் ஒரே மூலைக்குத்தான் ஒதுங்கும். அந்த மூலையில் ஒரு ட்ரே, அதில் பேப்பர், மேலே கொஞ்சம் புல். புல் மெல்லும்போதே வந்த காரியத்தையும் முடித்துக்கொள்கிறது. நாம் பேப்பர் படித்துக்கொண்டே முடிப்பதில்லையா? தரையில் வெள்ளையாகப் படியும் கறை சுண்ணாம்புச்சத்து, வினிகருக்குப் போகும். ஆனால் எங்கள் வீட்டுத் தரை மொசைக். அதிலிருக்கும் சலவைக்கல் துண்டும் வினிகரில் கரையும். அதனால் காய்வதற்குள் வெறும் தண்ணீரில் துடைப்பதுதான் எங்கள் முறை. டைல்ஸ்காரர்கள் தாராளமாக வினிகர் ஊற்றலாம்.

மொத்தச் செலவு 7,860 ரூபாய், ஆசாரி கூலி உள்பட. சார்ஜர் கணக்கு தனி.

இந்த மாசம் ஒன்றாம் தேதி ஹவுஸ் ஓனர் வந்தார். பழைய அக்ரிமெண்ட் செல்லாமல் போனதால் (காரணம் உங்களுக்குத் தெரியும்) புதிதாகப் பதினொரு மாத அக்ரிமெண்ட் டைப் அடித்துக் கொண்டுவந்திருந்தார். கதவு மூலையைத் தடவிப் பார்த்தார். சுவரைத் தட்டினார். வலைக்கு முன்னால் குனிந்து கொஞ்ச நேரம் நின்றார். "அம்மா இதைப் பாக்கணுங்கறா" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

கூடையில் கீழே கொண்டுபோனேன். பாட்டி ஒரு கொத்தமல்லித் தண்டை நீட்டிக்கொண்டே, "இதுக்கு என்ன பேர்டா வெச்சிருக்கே?" என்று கேட்டார். நானும் ஹவுஸ் ஓனரும் ஒரே சமயத்தில் ஜன்னல் பக்கம் பார்த்தோம்.

கையெழுத்துப் போடும்போதுதான் படித்தேன். பதினாலாவது ஷரத்தாகப் புதிதாக ஒரு வரி சேர்த்திருந்தார். 'குடியிருப்பவர் ஒரு முயல் மட்டும் வைத்துக்கொள்ளலாம்.' 'ஒரு' என்பதற்குக் கீழே பேனாவால் இரண்டு கோடு. ஆஸ்திரேலியா சங்கதியை அவரிடம் யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை.

அக்ரிமெண்ட்டை லாஃப்டில் வைத்திருக்கிறேன்.